பல் இல்லாத சட்டம் யாரைக் கடிக்கும்?

காயல்பட்டினத்துச் சகோதரர்கள் 2023 டிசம்பர் 17, 18 தேதிகளை மறந்திருக்க மாட்டார்கள். ஒரே நாளில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் மழை! தூத்துக்குடி மாவட்டத்தில் ஓர் ஆண்டு முழுவதும் பெய்கிற மழையைவிட அதிகமாக 24 மணி நேரத்தில் கொட்டித் தீர்த்தது. ஸ்ரீவைகுண்டம் ரயில் நிலையத்தில் நூற்றுக்கணக்கான பயணிகள் வெள்ளத்துக்கு நடுவே சிக்கிக் கிடந்தார்கள். கடைக்குள் புகுந்த தண்ணீர் சரக்கையெல்லாம் சேறாக்கிவிட்டுப் போனது. அதற்கு இரண்டு வாரம் முன்புதான் மிக்ஜாம் புயல் சென்னையை மூழ்கடித்திருந்தது.

பெய்கிற ஒவ்வொரு மழைக்கும் புவி வெப்பம்தான் காரணம் என்று நாம் சொல்ல வரவில்லை. நம் பாட்டன்மார் காலத்திலும் புயல் அடித்தது, ஊர் மிதந்தது. ஆனால் காற்று ஒரு டிகிரி சூடேறினால் அது சுமக்கக்கூடிய நீராவி ஏறத்தாழ 7 சதவீதம் கூடுகிறது என்பது பள்ளிக்கூடத்துப் பௌதிகம். சுமந்ததை எங்காவது கொட்டித்தானே ஆக வேண்டும்? மொத்த வியாபாரியின் கிடங்கா, தள்ளுவண்டியா என்று மேகம் பார்ப்பதில்லை. இன்ஷூரன்ஸ் இருக்கிறவன் ஆறு மாதத்தில் எழுந்துவிடுகிறான். இல்லாதவன் கந்துவட்டிக்காரன் வாசலில் நிற்கிறான்.

சரி, இதற்கு நம்மை ஆள்பவர்கள் எழுதித் தரும் மருந்து என்ன?

மரம் நடுங்கள்! துணிப்பை எடுத்துச் செல்லுங்கள்! தேவையில்லாத விளக்கை அணையுங்கள்! அமைச்சர் மண்வெட்டியைப் பிடித்துக்கொண்டு நிற்பார். பின்னால் பத்துப் பேர் கை தட்டுவார்கள். மறுநாள் பத்திரிகையில் படம் வரும். அந்தக் கன்றுக்கு மறுநாள் தண்ணீர் ஊற்றியது யார் என்று எந்தப் பத்திரிகையும் எழுதியதில்லை.

மரம் நடுவது நல்ல காரியம். வீண்விரயம் கூடாது என்பதில் நமக்கு இரண்டாவது கருத்தே கிடையாது. ஆனால் கணக்கு என்று வந்துவிட்டால் வியாபாரியை ஏமாற்ற முடியாது. எனவே கணக்கையே பாருங்கள். உங்கள் கடையில் ஒரு 9 வாட் எல்.இ.டி. பல்பைத் தினமும் ஒரு மணி நேரம் கூடுதலாக அணைத்து வைக்கிறீர்கள். வருடம் முழுக்க அணைத்தால் மிச்சமாவது மூன்று யூனிட் சொச்சம். ஒரு 500 மெகாவாட் நிலக்கரி மின் எந்திரம் முழுத் திறனில் ஓடும்போது ஒரு நொடியில் 130 யூனிட்டுக்கு மேல் தள்ளுகிறது. நம் நாட்டு நிலக்கரியில் யூனிட்டுக்கு ஏறத்தாழ ஒரு கிலோ கரியமில வாயு. அதாவது உங்களுடைய ஒரு வருடத் தியாகத்தை அந்தப் புகைபோக்கி கண் இமைப்பதற்குள் விழுங்கிவிடுகிறது! இந்தியாவில் உற்பத்தியாகும் மின்சாரத்தில் நூற்றுக்கு எழுபதுக்கும் மேல் இப்படித்தான் வருகிறது.

அந்தப் புகைபோக்கியின் சாவி உங்கள் கையிலும் இல்லை, என் கையிலும் இல்லை. அது சட்டம் போடுகிறவர்களின் கையில் இருக்கிறது. சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு, "நீ உன் பல்பை அணை" என்று நமக்கு உபதேசம் செய்கிறார்கள். இந்தக் கபட நாடகத்தைத்தான் நம் இளைஞர்கள் புரிந்துகொள்ள வேண்டும்.

கரியைப் பெற்றவன் கரியைப் புதைத்தான்

"சட்டம் போட்டால் மட்டும் புகை குறைந்துவிடுமா?" என்று சிலர் கேட்பார்கள். குறைந்திருக்கிறது. எங்கே என்று கேட்டால் ஆச்சரியப்படுவீர்கள்.

நிலக்கரியால் உலகத்தை ஆண்ட நாடு பிரிட்டன். நிலக்கரியை எரித்து ஊருக்கு மின்சாரம் விற்ற முதல் நிலையம் 1882-ல் லண்டன் ஹோல்போர்ன் வயாடக்ட்டில் தொடங்கியது. நம் பருத்தியையும் தானியத்தையும் அள்ளிக்கொண்டு போன நீராவிக் கப்பல்கள் அந்தக் கரியில்தான் ஓடின. அப்பேர்ப்பட்ட நாட்டில், 2024 செப்டம்பர் 30 அன்று ராட்க்ளிஃப்-ஆன்-சோர் என்ற கடைசி நிலக்கரி மின் நிலையம் மூடப்பட்டது. 2012-ல் அந்த நாட்டு மின்சாரத்தில் ஏறத்தாழ 40 சதவீதம் நிலக்கரியிலிருந்து வந்தது. பன்னிரண்டே ஆண்டுகளில் பூஜ்யம்!

வெள்ளைக்காரன் திடீரென்று மகான் ஆகிவிட்டானா? இல்லை. சட்டம் அவன் கழுத்தில் கயிறு போட்டது.

2008-ல் பருவநிலை மாற்றச் சட்டம் என்று ஒன்றை அந்த நாடாளுமன்றம் நிறைவேற்றியது. ஆளும் கட்சி, எதிர்க்கட்சி இரண்டும் சேர்ந்து வாக்களித்தன. எதிர்த்தவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். 1990-ல் இருந்த பசுமைக்குடில் வாயுக்களின் அளவில் 80 சதவீதத்தை 2050-க்குள் குறைத்தே ஆக வேண்டும் என்றது சட்டம். 2019-ல் அதைத் திருத்தி, நிகரக் கணக்கில் முழுவதையும் குறைக்க வேண்டும் என்று ஆக்கினார்கள். இதோடு நின்றிருந்தால் அதுவும் ஒரு மரம் நடு விழாவாகத்தான் முடிந்திருக்கும். 2050-ல் எந்த அமைச்சர் உயிரோடு இருந்து பதில் சொல்லப் போகிறார்?

சூட்சுமம் அடுத்த பிரிவுகளில் இருக்கிறது. ஐந்தைந்து ஆண்டுகளுக்கு இத்தனை டன்தான் புகை என்று உச்சவரம்பு கட்ட வேண்டும். அதைப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன்பே கட்டிவிட வேண்டும், வருகிற அரசு தப்பித்துக்கொள்ளாமலிருக்க. அரசுக்குக் கட்டுப்படாத நிபுணர் குழு ஒவ்வோர் ஆண்டும் கணக்குப் பார்த்து நாடாளுமன்றத்தில் வைக்க வேண்டும். அரசு அதற்குப் பதில் சொல்லியே ஆக வேண்டும். சொல்லாவிட்டால்? குடிமக்கள் நீதிமன்றம் போகலாம். போனார்கள். 2022-லும் 2024-லும் லண்டன் உயர் நீதிமன்றம், "உன் திட்டம் சட்டப்படி போதுமானதாக இல்லை, திருத்திக் கொண்டு வா" என்று அரசையே திருப்பி அனுப்பியது. ஓர் அரசாங்கம் தன் சொந்த வாக்குறுதிக்காகக் கூண்டில் நின்றது! நம் ஊரில் இப்படி ஒரு காட்சியைக் கற்பனையாவது செய்ய முடிகிறதா?

2013-ல் இன்னும் இரண்டு ஆணிகளை அடித்தார்கள். மின்சாரத்துக்காக எரிக்கும் எரிபொருளின் புகைக்கு டன் கணக்கில் வரி. அது பிறகு டன்னுக்கு 18 பவுண்டு என்று நிலைபெற்றது. ஐரோப்பியச் சந்தையில் கட்ட வேண்டிய புகை விலைக்கு மேல் இது தனி. அடுத்து, இனிமேல் கட்டுகிற மின் நிலையம் யூனிட்டுக்கு 450 கிராமுக்கு மேல் கரியமில வாயுவை விடக் கூடாது என்ற வரம்பு. நிலக்கரியால் இந்த வரம்புக்குள் வரவே முடியாது. "நிலக்கரிக்குத் தடை" என்ற வார்த்தையே இல்லாமல் தடை வந்துவிட்டது. இன்னொரு பக்கம் கடலில் காற்றாலை வைக்கிறவனுக்கு 15 ஆண்டுக்கு விலை உறுதி. முதலில் மெகாவாட் மணிக்கு 150 பவுண்டு வரை கொடுத்தார்கள். 2022 ஏலத்தில் அது 37 பவுண்டு சொச்சத்துக்கு இறங்கியது. 2023-ல் அரசு கொஞ்சம் பேராசைப்பட்டு உச்ச விலையை மிகவும் தாழ்த்தி வைத்தது. கடல் காற்றாலைக்கு ஒருவர்கூட ஏலம் கேட்க வரவில்லை! அடுத்த ஆண்டு விலையைத் திருத்தினார்கள், வந்தார்கள். ஏலம் எடுத்துப் பழகிய நம் வியாபாரிகளுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

நிலக்கரி போன இடத்தில் ஒரு பகுதியை எரிவாயு பிடித்துக்கொண்டது. அதுவும் புகைவிடும் சரக்குதான், நிலக்கரியில் ஏறத்தாழ பாதி. இதை மறைக்க நாம் விரும்பவில்லை. அப்படியிருந்தும் 2023-ல் அந்த நாட்டின் மொத்தப் புகை 1990-ல் இருந்ததில் பாதிக்கும் கீழே வந்துவிட்டது.

விலையை யார் கொடுத்தார்கள்?

ஜெர்மனியின் கதை வேறு மாதிரி. அங்கே 2000 ஏப்ரலில் புதுப்பிக்கத்தக்க எரிசக்திச் சட்டம் வந்தது. கூரையில் சூரியத் தகடு வைத்த எந்தக் குடியானவனும், எந்தக் கடைக்காரனும் மின்சாரம் கொடுத்தால் மின் கம்பிக்காரன் வாங்கியே ஆக வேண்டும். மறுக்க முடியாது. இருபது ஆண்டுக்கு விலை உறுதி. சூரிய மின்சாரத்துக்கு அன்று யூனிட்டுக்கு 99 ஃபென்னிக்; சந்தை விலையைவிடப் பல மடங்கு! பைத்தியக்காரத்தனம் என்றுதான் பலர் சிரித்தார்கள். ஆனால் வாங்குவது உறுதி என்றதும் முதலீடு ஓடி வந்தது. தொழிற்சாலைகள் பெருகின, பிறகு சீனா களத்தில் இறங்கியது. 2010-லிருந்து பத்தே ஆண்டில் சூரியத் தகட்டின் விலை ஏறத்தாழ 90 சதவீதம் விழுந்தது. 2000-ல் ஜெர்மனியின் மின்சாரத்தில் 6 சதவீதம் சொச்சம்தான் இந்த வகை. 2023-ல் பாதிக்கு மேல். இன்று நம் ஊர் மாடிகளில் தகடு வைக்க முடிகிற விலைக்கு வந்திருக்கிறதென்றால், அதில் ஜெர்மானியக் குடும்பங்கள் கட்டிய கரண்ட் பில்லுக்கும் பங்கு உண்டு.

இங்கேதான் வியாபாரிகள் காதைத் தீட்டிக்கொண்டு கேட்க வேண்டும். அந்தக் கூடுதல் செலவை யார் தலையில் கட்டினார்கள்? மின்சாரம் வாங்குகிற எல்லோர் தலையிலும் ஒரு கூடுதல் கட்டணமாக. 2017-ல் அது யூனிட்டுக்கு 6.88 சென்ட் வரை ஏறியது. எல்லோர் தலையிலும் என்றா சொன்னோம்? தவறு. மின்சாரத்தை அதிகம் தின்னும் பெருந்தொழிற்சாலைகளுக்கு, "வெளிநாட்டுப் போட்டியைச் சமாளிக்க வேண்டும்" என்று பெரும் விலக்கு! ரொட்டிக் கடைக்காரனும் தையல்காரனும் முழுசாகக் கட்டினார்கள். 2022 ஜூலையில்தான் அந்தக் கட்டணத்தை எடுத்துவிட்டு அரசு கஜானாவிலிருந்து கொடுக்க ஆரம்பித்தார்கள். ஆகவே தூய எரிசக்திச் சட்டம் என்றதும் கண்ணை மூடிக்கொண்டு கை தட்டிவிடாதீர்கள். சட்டம் வேண்டும். அதன் பாரம் யார் தோளில் விழுகிறது என்று எழுதுகிற பந்தியில் நமக்கும் ஓர் இடம் வேண்டும். இல்லாவிட்டால் பெரியவனுக்கு விலக்கும் சிறியவனுக்கு ரசீதும்தான் கிடைக்கும்.

ஜெர்மனி இன்னொன்றும் செய்தது. 2020-ல் நிலக்கரியிலிருந்து 2038-க்குள் வெளியேறுவது என்று சட்டம் போட்டபோது, சுரங்கத்தை நம்பி வாழும் மாவட்டங்களுக்கு 4,000 கோடி யூரோ வரை தருவதாகவும் சட்டமாக எழுதினார்கள். வருடம் தள்ளிப் போட்டுவிட்டார்கள் என்ற குறை அந்த நாட்டிலேயே உண்டு. இருந்தாலும் தொழிலாளியை நடுத்தெருவில் விடக் கூடாது என்பதைச் சட்டத்தில் எழுதிய அந்தப் புத்தி பாராட்டத்தக்கது. நெய்வேலி இருக்கும் மாநிலத்தில் இதை நாம் கவனிக்காமல் இருக்கலாமா?

போட்ட சட்டத்தைப் பிடுங்கினால் என்ன ஆகும் என்பதற்கும் சாட்சி உண்டு. ஆஸ்திரேலியா 2012 ஜூலையில் புகைக்கு டன்னுக்கு 23 டாலர் விலை வைத்தது. மின் நிலையங்களின் புகை குறைந்தது. ஆட்சி மாறிய பிறகு 2014-ல் ரத்து. புகை மறுபடி ஏறியது. அமெரிக்காவில் பைடன் 2022 ஆகஸ்டில் கையெழுத்திட்ட சட்டம் காற்றுக்கும் சூரியனுக்கும் பெரும் வரிச்சலுகை கொடுத்தது. எதிர்க்கட்சியின் ஒரு வாக்குகூட இல்லாமல் நிறைவேறிய சட்டம் அது. 2025 ஜூலையில் டிரம்ப் அந்தச் சலுகைகளில் பெரும்பகுதிக்கு முடிவு தேதி குறித்துவிட்டார். ஒரே ஒரு கட்சியின் தோளில் ஏறி வந்த சட்டம், அந்தக் கட்சி விழுந்தபோது கூடவே விழுந்தது.

86 ஆயிரம் கோடி எங்கே?

இனி நம் வீட்டுக்கு வருவோம். இந்தியாவில் இப்படிச் சட்டமே இல்லையா? இருக்கிறது. இருப்பதுதான் வேதனை!

2010-ல் காங்கிரஸ் அரசு ஒரு வரி போட்டது. பெயர், தூய எரிசக்தி மேல்வரி. ஒரு டன் நிலக்கரிக்கு 50 ரூபாய். அந்தப் பணத்தைத் தேசியத் தூய எரிசக்தி நிதி என்ற தனிப் பெட்டியில் போட்டு, சூரிய மின்சாரத்துக்கும் காற்றாலைக்கும் ஆராய்ச்சிக்கும் செலவழிப்பார்களாம். புகைவிடுகிறவனிடம் வாங்கிப் புகை இல்லாததற்குக் கொடுப்பது, நியாயமான யோசனை. பிறகு வந்த பா.ஜ.க. அரசு அதை 100 ஆக்கியது, 200 ஆக்கியது, 2016-ல் 400 ஆக்கியது. எட்டு மடங்கு! ஒரு யூனிட் மின்சாரத்துக்கு ஏறத்தாழ 700 கிராம் நிலக்கரி என்று வைத்துக்கொண்டால், யூனிட்டுக்கு 28 காசு. அனல் மின்சாரத்தின் அடக்க விலையில் இது ஏறியது. அடக்க விலையில் ஏறுவது கடைசியில் யாருடைய பில்லில் வந்து இறங்கும் என்று வியாபாரிக்குப் பாடம் எடுக்க வேண்டியதில்லை.

வசூல் எவ்வளவு? 2010-11 முதல் 2017-18 வரை 86 ஆயிரம் கோடி ரூபாய்க்கு மேல். அரசின் சொந்தக் கணக்கு இது. அதில் அந்தத் தனிப் பெட்டிக்குள் போனது 30 ஆயிரம் கோடிக்கும் குறைவு. பெட்டியிலிருந்து திட்டங்களுக்குப் போனது 16 ஆயிரம் கோடிக்கும் குறைவு!

தூய எரிசக்தி என்று பெயர் சொல்லி வாங்கிய பணத்தில் நூற்றுக்கு எண்பதுக்கு மேல் அந்தக் காரியத்துக்குப் போகவே இல்லை. ஒரு ஊரில் மதரஸா கட்ட வசூலித்த பணத்தில் ஐந்தில் ஒரு பங்கைக்கூடக் கட்டடத்துக்குச் செலவழிக்காத நிர்வாகியை நாம் என்ன செய்வோம்? ஜமாஅத் கூடி நிற்க வைத்துக் கேட்காதா?

கேட்பதற்குள் பெட்டியையே எடுத்துவிட்டார்கள். 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்தபோது அந்த 400 ரூபாய், மாநிலங்களுக்கு வரி இழப்பை ஈடுகட்டும் மேல்வரியாகப் பெயர் மாறியது. வசூல் அதே வசூல். தூய எரிசக்தி என்ற வார்த்தை மட்டும் காணாமல் போனது. 2025 செப்டம்பர் 22 முதல் அதையும் நீக்கி, நிலக்கரிக்கான ஜி.எஸ்.டி.யை 5 சதவீதத்திலிருந்து 18 ஆக்கினார்கள். கூட்டியதுபோலத் தெரியும். கணக்குப் போட்டுப் பாருங்கள். டன் 1,100 ரூபாய் விலையுள்ள மட்ட ரக நிலக்கரிக்கு முன்பு 55 ரூபாயும் 400 ரூபாயும் சேர்த்து 455 ரூபாய் வரி. இப்போது 198. புகைவிடும் சரக்குக்கு வரியில் பாதிக்கு மேல் தள்ளுபடி! பதினைந்து ஆண்டு தூய எரிசக்தி வரியின் கதி இது.

ஏன் இப்படி ஆனது? அந்தச் சட்டத்தில் வாங்குவதற்குக் கட்டாயம் இருந்தது. செலவழிப்பதற்குக் கட்டாயம் இல்லை. "இந்தப் பணம் இந்த ஆண்டுக்குள் இந்தக் காரியத்துக்குப் போகாவிட்டால் இன்ன அதிகாரி பதில் சொல்ல வேண்டும், குடிமகன் வழக்குப் போடலாம்" என்று ஒரு பிரிவு இருந்திருந்தால் இத்தனை ஆயிரம் கோடி திசை மாறியிருக்குமா?

இன்னொரு சட்டத்தின் லட்சணத்தையும் பாருங்கள். 2003 மின்சாரச் சட்டத்தின் 86-வது பிரிவு, ஒவ்வொரு மின்வாரியமும் இத்தனை சதவீதம் புதுப்பிக்கத்தக்க மின்சாரம் வாங்க வேண்டும் என்று மாநில ஒழுங்குமுறை ஆணையம் நிர்ணயிக்கச் சொல்கிறது. நல்ல பிரிவு. 2015-ல் உச்ச நீதிமன்றமே, சொந்தமாக மின்சாரம் தயாரித்துக்கொள்ளும் பெரிய ஆலைகளுக்கும் இந்தக் கட்டாயம் பொருந்தும் என்று தீர்ப்பளித்தது. நடந்தது என்ன? பல மாநில மின்வாரியங்கள் வாங்கவில்லை. "பாக்கியை அடுத்த ஆண்டு சேர்த்து வாங்கிக்கொள்" என்று ஆணையங்கள் தாராளமாகத் தள்ளிவைத்தன. உங்கள் கடை பில்லை ஒரு மாதம் கட்டாமல் இருந்து பாருங்கள், அடுத்த மாதம் சேர்த்துக் கட்டு என்றா சொல்கிறார்கள்? ஃபியூஸைப் பிடுங்குகிறார்கள். அபராதம் நமக்கு, அவகாசம் அவர்களுக்கு!

தமிழ்நாட்டில் முப்பந்தல், ஆரல்வாய்மொழி பக்கம் போனவர்கள் பார்த்திருப்பீர்கள். நாட்டிலேயே முன்னோடியாகக் காற்றாலை வைத்த மாநிலம் இது. இன்று 10,000 மெகாவாட்டுக்கு மேல் காற்றாலைத் திறன் இங்கே நிற்கிறது. சட்டப்படி காற்றும் சூரியனும் தரும் மின்சாரத்தை முதலில் எடுக்க வேண்டும். கம்பிக்கட்டமைப்புக்கு ஆபத்து என்றால் மட்டுமே நிறுத்தலாம். ஆனால் சூரிய மின் நிலையங்களை இங்கே நிறுத்திவைத்த விவகாரம் மின்சார மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் வரை போனது. ஆபத்து எதுவும் இல்லாத நேரத்திலும் நிறுத்தியிருக்கிறார்கள் என்று கண்டு, நட்டஈடு கொடுக்கச் சொல்லி 2021 ஆகஸ்டில் தீர்ப்பு வந்தது. கழகங்கள் மாறி மாறி ஆண்டாலும் இந்தப் பழக்கத்தில் பெரிய வித்தியாசம் இல்லை.

2022-ல் எரிசக்திச் சேமிப்புச் சட்டத்தைத் திருத்தியிருக்கிறார்கள். நிலக்கரி, எண்ணெய் அல்லாத எரிசக்தியைப் பெரிய நுகர்வோர் இத்தனை சதவீதம் பயன்படுத்த வேண்டும் என்று கட்டாயமாக்கலாம், மீறினால் அபராதம். அதன்படி 2024-25-ல் 29.91 சதவீதம், 2029-30-ல் 43.33 சதவீதம் என்று அறிவிக்கையும் போட்டாகிவிட்டது. ஆகா, பல் முளைத்துவிட்டதே என்று தோன்றும். பல் முளைப்பது ஒன்று, கடிப்பது வேறு. அனல் மின் நிலையங்களின் கந்தகப் புகைக்கு 2015 டிசம்பரில் விதி போட்டு இரண்டே ஆண்டு கெடு வைத்தார்கள். கெடு நீண்டது, மறுபடி நீண்டது, மறுபடியும் நீண்டது. கடைசியில் 2025 ஜூலையில், முக்கால்வாசிக்கு மேற்பட்ட நிலையங்களுக்கு அந்தப் புகையை வடிகட்டும் கருவியே வேண்டாம் என்று விலக்கு அளித்துவிட்டார்கள். எண்ணூர்வாசிகளைக் கேளுங்கள், சட்டத்தின் கெடு என்றால் என்ன என்று சொல்வார்கள். இந்தப் புதிய சதவீதங்களுக்கும் அதே கதி நேராது என்பதற்கு யார் ஜாமீன்?

கூரையில் தகடு வைக்க மானியம் தருகிறோமே என்பார்கள். 2024-ல் வந்த திட்டத்தில் வீடுகளுக்கு 78 ஆயிரம் ரூபாய் வரை மானியம் உண்டு. நல்லது. கடைகளுக்கு? கிடையாது. பகலெல்லாம் வெயில், பகலெல்லாம் வியாபாரம். சூரிய மின்சாரம் அதிகம் பொருந்துகிற இடம் கடைதான். அதை விட்டுவிட்டார்கள்.

ஏழையின் நிழலில் ஒளிபவர்கள்

"உலகத்தைச் சூடாக்கியது மேற்கத்திய நாடுகள், நாம் ஏன் நிறுத்த வேண்டும்?" என்ற வாதம் நம் இளைஞர்களிடையே எடுபடுகிறது. முதல் பாதி முழு உண்மை. தலைக்கு இவ்வளவு புகை என்று பார்த்தால் ஓர் இந்தியன் அமெரிக்கனில் ஆறில் ஒரு பங்குகூட விடுவதில்லை. உலக மேடையில் நம் அரசு இதைக் கேட்டு இழப்பீடு கோரினால் கூடவே நின்று முழக்கமிட நாமும் தயார்.

ஆனால் அந்தச் சராசரிக்குள் யார் யார் இருக்கிறார்கள்? ஒற்றை விளக்கு எரியும் குடிசையும் அதில் இருக்கிறது, நான்கு கார் நிற்கும் பங்களாவும் அதில்தான் இருக்கிறது. குடிசைக்காரனின் பெயரைச் சொல்லி அனுமதி வாங்கிவிட்டுப் பங்களாக்காரனும் சுரங்க முதலாளியும் புகைவிடுகிறார்கள். அந்த நிலையத்தின் சாம்பல் படிவது குடிசைக்காரனின் சோற்றில். இதற்குப் பெயர் மேற்கத்திய எதிர்ப்பா? எண்ணெய் விற்றே வளர்ந்த வளைகுடாவைப் பாருங்கள். அபுதாபி பாலைவனத்தில் 2019-லேயே 1,100 மெகாவாட்டுக்கு மேல் திறனுள்ள சூரிய மின் நிலையம் ஓட ஆரம்பித்துவிட்டது. அங்கே வேலை பார்க்கும் நம் பிள்ளைகளில் பலர் அதைக் கண்ணால் பார்த்திருப்பார்கள். எண்ணெய் வியாபாரியே மாற்றுச் சரக்கை அடுக்கத் தொடங்கிவிட்டான் என்றால் சந்தை எந்தப் பக்கம் போகிறது என்று புரிய வேண்டாமா?

2021-ல் கிளாஸ்கோ மாநாட்டில் பிரதமர் மோடி, 2070-க்குள் இந்தியா நிகரப் புகையைப் பூஜ்யமாக்கும் என்று அறிவித்தார். கைதட்டல் கிடைத்தது. அந்த ஆண்டு எண் இன்றுவரை இந்திய நாடாளுமன்றத்தின் எந்தச் சட்டத்திலும் இல்லை. 2025-ல் நாட்டின் மின் உற்பத்தித் திறனில் பாதி நிலக்கரி, எரிவாயு அல்லாதது என்று விளம்பரம் செய்தார்கள். திறன் என்பது கடையில் அடுக்கி வைத்த சரக்கு. விற்றது எவ்வளவு என்பதுதானே கணக்கு? ஓடுகிற மின்சாரத்தில் இன்னமும் நிலக்கரியே எழுபதுக்கு மேல். பருவநிலை மாற்றத்தின் தீங்குகளிலிருந்து பாதுகாப்புப் பெறுவது குடிமகனின் உரிமை என்று 2024-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. இதற்கென்று ஒரு முழுமையான சட்டம் இந்த நாட்டில் இல்லை என்பதையும் அதே தீர்ப்பு பதிவு செய்திருக்கிறது. நீதிமன்றம் சொல்லியும் சட்டம் வரவில்லை.

நாம் கேட்கும் சட்டத்தில், ஐந்தாண்டுக்கு ஒருமுறை புகையின் உச்சவரம்பு டன் கணக்கில் இருக்க வேண்டும். மின்வாரியம் வாங்காவிட்டால் அபராதம் உண்டு, அதை நம் பில்லில் ஏற்றக் கூடாது என்றும் எழுதியிருக்க வேண்டும். நிலக்கரியில் வாங்கும் வரி நிலக்கரிக்கு மாற்று செய்யவும், சுரங்கத் தொழிலாளியின் மறுவாழ்வுக்கும், சிறு கடைகளின் கூரைக்கும் மட்டுமே போக வேண்டும். தவறினால் காயல்பட்டினத்துக் கடைக்காரன் நீதிமன்றப் படியேற வழி இருக்க வேண்டும்.

அடுத்த முறை உங்கள் தொகுதி எம்.பி. சங்கக் கூட்டத்துக்கோ கல்யாணத்துக்கோ வரும்போது மாலையைப் போட்டுவிட்டு அனுப்பிவிடாதீர்கள். "தூய எரிசக்தி மேல்வரியில் செலவழிக்காத 70 ஆயிரம் கோடி எங்கே என்று சபையில் கேட்டீர்களா?" என்று நான்கு பேர் நடுவில் கேளுங்கள். அவர் கேட்காவிட்டால் நீங்களே கேட்கலாம். 2005 தகவல் உரிமைச் சட்டத்தின்படி மத்திய நிதி அமைச்சகத்துக்கு ஒரு மனு, கட்டணம் 10 ரூபாய், பதில் தர 30 நாள் கெடு. இரண்டே கேள்விகள் போதும்: 2017 ஜூலை முதல் 2025 செப்டம்பர் வரை நிலக்கரி மேல்வரியில் வந்த மொத்தத் தொகை எவ்வளவு, அதில் தூய எரிசக்திக்குக் கொடுத்தது எவ்வளவு? ஒவ்வொரு ஊர் வியாபாரிகள் சங்கமும் ஒரு மனு போடட்டும். வருகிற பதில்களை நமக்கு அனுப்புங்கள். வந்தது வந்தபடியே இந்தப் பக்கங்களில் அச்சிடுவோம்.